இரண்டாம் தரம் எண்டால் பழகியிருக்கும்தானே?

லத்வியாவுக்குத் திரும்பவும் போகிறேன் என்று சொன்னபோது ஸ்காபுறோவில் எனக்குத் தெரிந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏற்கனவே போன இடம்தானே, பழகியிருக்கும் என்ன?" 2019இல் முதல் தரம் போனபோது வழியனுப்ப வீட்டுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். சித்தி பருத்தித்துறை வடை சுட்டுக் கட்டித் தந்தா. 2024 ஜனவரியில் அக்கா மட்டும் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டா. அதுவும் காரை விட்டு இறங்கவில்லை.

பழகியிருக்கும் என்பதில் பாதி உண்மை. 2017இலிருந்து லத்வியாவில் நேட்டோவின் பன்னாட்டுப் படையணி ஒன்றைக் கனடா வழிநடத்துகிறது. நாங்கள் ஏறக்குறைய ஆறு ஆறு மாதமாக மாறி மாறிப் போய்வருகிறோம். ரீகாவுக்கு வடகிழக்கே ஆடாஜி என்ற இடத்தில் முகாம். பைன் காடு, மணல், மழை பெய்தால் சேறு. எனக்கு அங்கே எட்டுச் சில்லுக் கவச வாகனங்களைத் திருத்துகிற வேலை. இரண்டாம் தரம் பெட்டி அடுக்க ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. காய்ந்த சொக்ஸ் கனக்க வேண்டும், நீளமான சார்ஜர் வயர் வேண்டும், வறுத்த மிளகாய்த்தூளை இரண்டு பையில் போட்டுக் கட்ட வேண்டும். குளிக்கிற இடத்தில் எந்த நேரம் சுடுதண்ணி முடியும், இத்தாலியர்களோடு எப்படிச் சிநேகிதம் பிடித்து நல்ல கோப்பி குடிப்பது, எல்லாம் தெரியும்.

ஆனால் முதல் தரம் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது இருந்தது. பனியில் நின்ற பைன் மரங்களை மட்டும் நூறு படம் எடுத்திருப்பேன். இந்த முறை முதல் மாதம் ஒரு படமும் எடுக்கவில்லை. ஜனவரியில் ஒன்பது மணிக்குத்தான் வெளிக்கும், நாலு மணிக்கு இருண்டுவிடும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிச்சம் என்று போன அன்றே எண்ணிவிட்டேன். அது எண்ணக்கூடாத கணக்கு. 2019இல் லத்வியா அமைதியான மூலை போலத்தான் எனக்கு இருந்தது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு, பக்கத்து நாடு எது என்பது கடைக்காரரின் பேச்சில்கூட வந்துவிடுகிறது.

இதெல்லாம் தாங்கலாம். எனக்குப் பிழைத்தது வீட்டோடு கதைக்கிற விஷயத்தில்தான்.

எங்கள் வீட்டில் 'ஆமி' என்பது சாதாரணச் சொல் இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவா. 'ஆமி வருது' என்றால் விளக்கை நூர்த்துவிட்டு ஓடினவா. அவவின் பிள்ளை சீருடை போட்டதை அவ ஒருநாளும் திட்டவில்லை, ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. சொந்தக்காரருக்கு "பிள்ளை ஐரோப்பாவில வேலையா நிக்குது" என்பா. அதனால் முதல் தரமே நானும் அவவும் ஒரு மாதிரிக் கதைக்கப் பழகிக்கொண்டோம். சாப்பிட்டியா, குளிரோ, நித்திரை கொண்டியா. ரொறன்ரோவுக்கும் லத்வியாவுக்கும் ஏழு மணித்தியால வித்தியாசம். எனக்கு வேலை முடிய அங்கே அம்மா வேலையில் நிற்பா. கிடைக்கிற பத்து நிமிடத்தில் இந்த மூன்று கேள்வி போதும் என்றிருந்தது.

இரண்டாம் தரம் அந்தப் பழக்கத்தில் நாங்கள் இருவரும் நல்ல கெட்டிக்காரர் ஆகிவிட்டோம். பெப்ரவரியில் அம்மா படியில் விழுந்து கை எலும்பு வெடித்திருக்கிறது. மூன்று கிழமையாக எனக்குத் தெரியாது. வீடியோ போட்டால் முகத்தை மட்டும் காட்டியிருக்கிறா. மச்சாள் ஒருத்தி குடும்ப வாட்ஸ்அப்பில் "மாமிக்குக் கட்டு எப்ப அவிழ்க்கிறது?" என்று போட்டுவிட்டு உடனே அழித்தா. நான் பார்த்துவிட்டேன்.

"தூரத்தில நிக்கிற பிள்ளைக்குச் சொல்லி என்ன செய்யிறது, கவலைதானே" என்றா அக்கா. இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கொழும்பில் மாமா செத்ததைச் சோதனை முடிந்த பிறகு சொல்வார்கள். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு அம்மா "சுகமா இருக்கிறன்" என்று சொன்ன எந்த நாளையும் நான் நம்பவில்லை. கவச வாகனத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன மறைக்கிறார்கள் என்று யோசிப்பேன். உண்மையைச் சொன்னால் கவனம் சிதறும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: சந்தேகத்தில் இன்னும் கூடச் சிதறும்.

நானும் மறைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது.

மார்ச் 25 அன்று ரீகாவுக்குப் போயிருந்தேன். கொடிகளில் எல்லாம் கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தது. சுதந்திரச் சின்னத்தின் அடியில் பூக்கள். 1949இல் அந்த நாளில் தொடங்கி, சோவியத் அரசு 42,000க்கும் மேற்பட்டவர்களைக் குடும்பம் குடும்பமாக ரயில்களில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பியது. ஒரு வயதான அம்மா பூவை வைத்துவிட்டு நிமிர்ந்து என் சீருடையைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. என் கை தானாகத் தொப்பியைத் தொட்டது. அன்று இரவு அம்மாவுக்கு எடுத்தபோது சாப்பிட்டியா என்று கேட்க விடவில்லை. நான் இங்கே என்ன வேலை செய்கிறேன், எதற்காக நிற்கிறேன், அந்த அம்மா என்னைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

கனநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டா: "அவையையும் இரவிலயோ வந்து ஏத்தினவங்கள்?"

ஓம் என்றேன். அம்மா தான் ஓடின கதையைச் சொல்லத் தொடங்கினா. அதுவரை எனக்குச் சொல்லாதது. நடுவில் போனைக் கை மாற்றினா, கட்டுப் போட்ட கை திரையில் தெரிந்தது. அதை அவ மறைக்கவில்லை.

இப்போது நாங்கள் புதனும் ஞாயிறும் மட்டும் கதைக்கிறோம், அரை மணித்தியாலம். விரல்களை இன்னும் முழுக்க மடக்க முடியவில்லையாம். போன ஞாயிறு சாம்பாரைக் கீழே கொட்டிவிட்டாவாம்.