மேலே பாலீஷ், கீழே ஓட்டை! அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கவனிப்பார்களா?

மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடர்தான் வேண்டும் என்று தேடிப் பிடிக்கிற வீடுகள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்னும் இருக்கின்றன. "அப்பா வாங்கின வண்டிங்க, விக்க மனசு வரலை" என்று வைத்திருப்பவர்களும் உண்டு. வண்டி பளபள என்று நிற்கிறது. பெயிண்ட் புதுசு. சீட் உறை புதுசு.

எல்லாம் சரி. அந்த வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"டக்... டக்..."

பின்பக்கம் "டக், டக்" என்று சத்தம் வருகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் கார் தொட்டில் மாதிரி ஆடுகிறது. ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போகிறார்கள்.

"ஷாக் போயிடுச்சுங்ணா. ஜோடியா மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். புது ஷாக் அப்சர்பர் ஏறுகிறது. ஒரு மாதம் சுகமான சவாரி. பிறகு மறுபடியும் "டக், டக்"!

உடனே, "இப்ப வர்ற சரக்கே சரியில்லை" என்று பழி சாமான் மீது விழுகிறது. பல வண்டிகளில் கோளாறு சாமானில் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிராக்கெட்டிலும், அந்த பிராக்கெட் ஒட்டியிருக்கிற தகட்டிலும்தான் இருக்கிறது. மவுண்டிங் என்று சொல்வது இதைத்தான்.

புதுசு போட்டால் கிழிவது ஏன்?

காரின் பாரத்தைத் தாங்குவது ஷாக் அப்சர்பர் அல்ல, ஸ்பிரிங். அம்பாசிடரில் முன்பக்கம் முறுக்குக் கம்பி. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்து எழுந்த ஸ்பிரிங் சும்மா இராது, துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் ஷாக் அப்சர்பரின் வேலை. உள்ளே இருக்கிற எண்ணெய் சின்னத் துவாரங்களில் புகுந்து வரும்போது துள்ளல் சூடாக மாறி அடங்கிவிடுகிறது.

பின்பக்க ஷாக்கின் ஒரு முனை அச்சுப் பக்கம். மறு முனை பாடிப் பக்கம். பாடிப் பக்கத் தகடு உளுத்திருந்தால் என்ன ஆகும்? செத்துப்போன பழைய ஷாக் அதை இழுப்பதில்லை. புது ஷாக் துள்ளலை அடக்க அடக்க, அந்தத் தகட்டைப் பிடித்து இழுக்கிறது. நேற்று வரை விரிசல், இன்று கிழிசல்!

"பாரம் ஏத்தணும், பட்டை ஒண்ணு சேர்த்துப் போடு" என்பவர்கள் இன்னொரு ரகம். பட்டை சேர்த்ததும் பின்பக்கம் உயர்ந்துவிடுகிறது. ஷாக்கின் நீளமோ பழைய நீளம்தான். வண்டி துள்ளும்போதெல்லாம் அது எட்டாமல் முழுசாக நீண்டு, மவுண்டிங்கை வெடுக்கென்று இழுக்கிறது. ரப்பர் புஷ் காய்ந்து போயிருந்தால் கேட்கவே வேண்டாம். இரும்போடு இரும்பு மோதும்.

பாடிதான் சேசிஸ்

லாரிக்கும் ஜீப்புக்கும் தனியாக சேசிஸ் உண்டு. பாடி உளுத்தாலும் சேசிஸ் தாங்கும். அம்பாசிடர் அப்படி அல்ல. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழியில் வந்த வண்டி அது. தனி சேசிஸ் கிடையாது. தகட்டை மடித்துப் பெட்டி பெட்டியாகப் பற்றவைத்த பாடிதான் அதற்கு முதுகெலும்பு. ஆகவே அடித்தகட்டில் துரு என்றால் அது அழகுக் குறைச்சல் அல்ல; முதுகெலும்பு நோய்!

மேற்கு வங்காளம் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றுபோனது. கடைக்குட்டி வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. சக்கரம் வாரி அடித்த சேறு மவுண்டிங் மூலையில் அப்பிக்கொள்கிறது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தகட்டைத் தின்றிருக்கும்.

70 வளைவில் என்ன ஆகும்?

சமதரையில் ஓடும்வரை ஆபத்து தெரியாது. ஏற்காடு மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையில் 70. சேலம்-தர்மபுரி சாலையில் லாரிகளையே உருட்டிவிடுகிற தொப்பூர் கணவாய் இறக்கம். இங்கெல்லாம் மவுண்டிங் பிய்ந்தால் சக்கரம் துள்ளும். டயர் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத டயருக்கு எத்தனை நல்ல பிரேக் இருந்து என்ன பயன்? உள்ளே இருப்பது குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம்.

ஒட்டு வேலை வேண்டாம்

ஆனால் நடப்பது என்ன? துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்து நான்கு இடத்தில் பொட்டு வைக்கிறார்கள். அதன் மேல் பட்டி, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட். பார்த்தால் சுத்தம். உளுத்த தகட்டில் வெல்டிங் பிடிக்குமா? ஒட்டுப் போட்ட தகடு நிற்கும். அதைச் சுற்றியுள்ள பழைய தகடு கிழியும்.

சரியான வேலை வேறு. உளுத்த தகட்டை நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே கனத்தில் புதுத் தகட்டை வடிவாக மடித்து, சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். ஷாக் இழுக்கிற இழுப்பு ஒரே புள்ளியில் விழாமல் பரவும்படி, பிராக்கெட்டுக்குப் பின்னால் அகலமான தாங்கு தகடு கொடுக்க வேண்டும். பிறகு துரு தடுக்கும் பூச்சு. ரப்பர் புஷ் புதுசு. புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது ஜாக்கி மேல் அல்ல. நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

பற்றவைக்கும் முன் ஷாக்கைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பின்பக்கம் பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது!

யார் மீது குற்றம்?

இது நம்ம ஊரில் முடியாத வேலையா? நாமக்கல்லில் கட்டிய லாரி பாடி நாடு முழுக்க ஓடுகிறது. திருச்செங்கோடு ரிக் வண்டிகள் போகாத மாநிலம் உண்டா? இரும்பாலை சேலத்தில் இருக்கிறது. தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. பஞ்சம் கூலி கொடுக்கிற மனசுக்குத்தான்!

பெயிண்டுக்கு அள்ளிக் கொடுக்கிறவர் டிங்கரிங் கூலிக்குப் பேரம் பேசுகிறார். "சும்மா ஒரு ஒட்டு வைப்பா, போதும்" என்கிறார். கேட்டபடி ஒட்டு வைத்துக் கொடுக்கிறார் டிங்கர். கிழிந்தால் டிங்கர் மீது பழி. முதல் குற்றவாளி வண்டிக்காரர்தான். கேட்டதும் தலையாட்டுகிற டிங்கரும் தப்ப முடியாது. "ஒட்டு வேலைன்னா செய்ய மாட்டேனுங்க" என்று சொல்கிற தைரியமும் தொழிலில் ஒரு பாகம்.

15 வயது தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. 20 வயது தாண்டியிருந்தால் 10,000 ரூபாய் என்று 2025-ல் ஆக்கினார்கள். இத்தனை பணம் வாங்குகிற அதிகாரிகள் ஹெட்லைட்டையும் ஹாரனையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, மவுண்டிங் மூலையில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பழைய கார் எல்லாம் காயலான் கடைக்குப் போகட்டும் என்பதும் நியாயம் இல்லை. அடி உறுதியாக இருக்கிற பழைய வண்டி ஓடலாம். அடி உளுத்தது ஓடக் கூடாது.

வண்டிக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டினால் போதும். "கணீர்" என்றால் இரும்பு. "சொத்" என்றால் துரு. வருகிற முகூர்த்தத்துக்கு வண்டியை அனுப்புவதற்கு முன்னால் தட்டிப் பார்த்துவிடட்டும்!