மதிலிலிருந்து விழுந்தவன் உறியிலிருந்தும் விழலாம்

மழலைப் பாடலொன்று நாடுவிட்டு நாடு சென்றால் என்ன ஆகும் என்னும் வினா சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆயின், நம் பிள்ளைகள் பாலர் பள்ளிகளில் ஓதுவனவற்றுள் ஆங்கில நாட்டுப் பாடல்கள் மிகுதி. ஆதலின் இவ்வினாவைத் தமிழ் பயில்வோர் புறக்கணித்தல் தகாது. ஒரு பாடலை மட்டும் ஈண்டு எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்போம்.

மதில்மேல் அமர்ந்து கீழே விழுந்த ஹம்ப்டி டம்ப்டியைப் பாலர் வகுப்புப் பிள்ளைகள் நன்கறிவர். படங்கள் அவனை முட்டையாகவே காட்டுகின்றன. ஆனால், பாட்டின் அடிகளில் முட்டை என்னும் சொல்லே இல்லை. அப்பாட்டு ஒரு விடுகதையாக வழங்கியது. விழுந்து உடைந்தபின் எவராலும் ஒன்றுசேர்க்க இயலாதது எது என்பதே அதன் வினா. 1797இல் சாமுவேல் அர்னால்டு வெளியிட்ட சிறுவர் இசைத்தொகுப்பில் இது இடம்பெற்றது. 1871இல் லூயிஸ் கரோல் தம் நூலில் அவனை ஒரு பாத்திரமாக்கி, சொற்பொருள் பற்றி ஆலிசுடன் வழக்காட வைத்தார். அந்நூலுக்கு ஜான் டென்னியல் அவனை முட்டை வடிவிலேயே வரைந்தார். இத்தகைய படங்கள் பரவப் பரவ விடை ஊரறிந்ததாயிற்று; விடுகதை மறைந்து வேடிக்கை மட்டும் எஞ்சியது.

இவனுக்குப் பிற நாடுகளிலும் உடன்பிறந்தார் உளர். டென்மார்க்கில் அவன் பெயர் லில்லே ட்ரில்லே. ஆங்கே மதில் இல்லை. அவன் வீட்டிலுள்ள அடுக்குப் பலகையிலிருந்து விழுகிறான். அரசனின் படையும் வருவதில்லை. அவனைக் குணப்படுத்த வல்லவர் நாடெங்கும் இல்லை என்பதோடு பாட்டு முடிகிறது. ஜெர்மானிய வட்டார வழக்கொன்றில் அவன் ஹும்பெல்கென் பும்பெல்கென். அவன் விழுவதோ ஒரு நீள்பலகை இருக்கையிலிருந்து, கைவிரிப்பவர் மருத்துவர். ரஷ்ய மொழிக்கு இப்பாடலைக் கொண்டுசென்ற சாமுயில் மர்ஷாக், அவனுக்கு ஷல்தாய் போல்தாய் எனப் பெயர் சூட்டினார். வெற்றுப் பேச்சைக் குறிக்க ரஷ்யர் வழங்கிய சொல்லே அது.

இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். பெயர் அவ்வம்மொழியினர் நாவில் உருளும் பெயராகிறது. விழும் இடம் அவ்வீட்டார் அன்றாடம் காணும் இடமாகிறது. தோற்று நிற்பவரோ இடர் வந்தால் அம்மக்கள் முதலில் தேடிச் செல்லும் ஒருவர். ஓரிடத்தில் படைவீரர், பிறிதோரிடத்தில் மருத்துவர். மாறாதது ஒன்றே: உடைந்தது கூடவில்லை. அம்முடிச்சே பாட்டின் உயிர். ஏனையவெல்லாம் உடல்.

அயல்நாட்டுப் பாத்திரத்தை வேற்றுப் பண்பாட்டில் உலவவிட்டுக் கதை புனைவோர் பலர் இவ்வுயிரைக் காணாது உடையை மட்டும் மாற்றுகின்றனர். அரபுநாடு என்றால் ஒட்டகமும் மணற்குன்றும். தமிழகம் என்றால் தென்னையும் மாட்டுவண்டியும். இது பண்பாடு அன்று. நாடக மேடையில் தொங்கும் திரைச்சீலை. விருந்தினனாய்ச் செல்பவன் அவ்வூர் மக்கள் எதைப் போற்றுகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், எவரை நம்புகின்றனர் என்பதை அறிந்து வருவான். கதைமாந்தனும் அவ்வாறே செல்லுதல் வேண்டும்.

அவன் தமிழகத்திற்கு வருவானாயின் மதிலைத் தேட வேண்டுவதில்லை. பூனைக்கு எட்டாமல் பாட்டிமார் கட்டித் தொங்கவிட்ட உறி போதும். கொல்லரும் தச்சரும் தட்டாரும் கூடிநின்று கைவிரிக்கட்டும். ஊரில் உடைந்ததைச் செப்பனிட்டவர் அவர்களன்றோ? இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் கண்ட மொழியில் அவனுக்குப் பெயருக்கா பஞ்சம்? விடையை மட்டும் படத்தில் காட்டிவிடாதிருத்தல் வேண்டும். அதனைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.

ஆங்கிலப் பாடல்களை அறவே விலக்க வேண்டும் என்பாரும் உளர். அது நம் கருத்தன்று. வந்த விருந்தை வாயிலில் நிறுத்துதல் தமிழர் மரபன்று. குழந்தைப் பாட்டில் ஆராய்ச்சி எதற்கு என்பாருக்கோ, தொல்காப்பியமே விடை கூறும். பிசி எனப்படும் விடுகதையைச் செய்யுளியலில் இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். அவர் மதித்த ஒன்றை நாம் சிறுமையாகக் கருதலாமா?

நாம் கவலுறுவது வேறொன்று பற்றி. வந்தவனை வரவேற்கும் நாம், நம் வீட்டுப் பிசிகளை எங்கும் அனுப்பவில்லை, எழுதியும் வைக்கவில்லை. அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். சொன்னவர் மறைந்தபின் தொலைந்த விடுகதையை எந்தப் படையாலும் மீட்டுத்தர இயலாது.

எனவே மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. வரும் விடுமுறையில் பாட்டியிடமோ உம்மம்மாவிடமோ அமர்ந்து பத்து விடுகதைகளையேனும், அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வாருங்கள். ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்து நூலகத்தில் வைக்கட்டும். அதன்பின் அவற்றுள் ஒன்றை ரஷ்யாவுக்கோ டென்மார்க்குக்கோ பயணம் அனுப்பிக் கதை புனையுங்கள். நம் வீட்டு உறி அங்கே என்னவாகும், கைவிரிப்பவர் யார் என்று தேடும் முயற்சியே இரு பண்பாடுகளையும் உங்களுக்குக் கற்பிக்கும்.