ஜப்லாவைத் தடவிப் பார்க்கும் கைகளுக்கு

திருப்பூர் காதர்பேட்டையில் பச்சைக் குழந்தைக்கு ஜப்லா வாங்குபவர்களைப் பாருங்கள். துணியைப் புரட்டி, உள்பக்கத் தையலை விரலால் தடவுவார்கள். “உறுத்தக் கூடாதுங்க” என்பார்கள். அதே குழந்தையை ஊசிக்குத் தூக்கிப் போனால், “பச்ச மண்ணுக்கு என்னங்க தெரியும்? அழுது ஓயட்டும்” என்கிறோம். தையல் உறுத்தும் உடம்புக்கு ஊசி மட்டும் வலிக்காமல் போகுமா?

வலி தெரியாது என்பதுதான் முதல் வாதம். மருத்துவர்கள் பலரும் ஒருகாலத்தில் இதை நம்பினார்கள். 1980கள் வரை, போதிய வலி மருந்து இல்லாமலே பச்சிளங்குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். உடலின் அதிர்ச்சியும் பின்விளைவுகளும் குறைந்ததை 1987இல் வெளியிட்டார். பெரியவர்களுக்கு வலிக்கும்போது விழிக்கும் 20 மூளைப் பகுதிகளில் 18, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைகளிடமும் விழிப்பதை 2015இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு காட்டியது.

“வலித்தாலும் மறந்துவிடும்” என்பது அடுத்தது. மனம் மறக்கலாம், உடம்பு அப்படி மறப்பதில்லை. பிறந்ததும் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், செய்யப்படாதவர்களைவிட, சில மாதங்கள் கழித்துப் போட்ட தடுப்பூசிக்கு அதிகம் துடித்தார்கள். சுன்னத்தின்போது மரப்புக் களிம்பு தடவப்பட்டவர்களிடம் அந்தத் துடிப்பு குறைவாக இருந்தது. டொரான்டோவில் அன்னா டாடியோ 1997இல் கண்டது இது.

“ஊசி போடும்போது பால் கொடுத்தால் புரையேறும்” என்று தடுப்பவர்கள் அக்கறையோடுதான் தடுக்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனமே 2015இல், தடுப்பூசியின்போதோ அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கலாம், குழந்தையைத் தாய் அணைத்துப் பிடிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தாயின் வெறும் மார்போடு குழந்தையின் தோல் ஒட்டியிருந்தாலும் வலி குறைகிறது. வலி அடியோடு போய்விடாது. அழுகை சீக்கிரம் அடங்கும். வலிக்கும் என்று முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பதை அதே நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

“புதன்கிழமைத் தடுப்பூசிக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்பது கடைசி வாதம். செவிலியரின் சுமை உண்மையானது. ஆனால் இதைச் செய்யப்போவது தாய். வரிசையில் இரண்டு பேர் முன்னால் இருக்கும்போதே அவள் பால் கொடுக்கத் தொடங்கலாம். தொடையில் ஊசி போடுகிறவருக்குத் தொடை மட்டும் கிடைத்தால் போதும். மறைவாக உட்கார ஒரு நாற்காலியும், தடுப்புக்கு ஒரு துணியும் வேண்டும். துணிக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை.

சொல்லிக் கொடுக்க வேண்டிய இடம் பிரசவ வார்டு. வைட்டமின் கே, பி.சி.ஜி., மஞ்சள் காமாலை தடுப்பூசி என வீடு திரும்பும் முன்பே குழந்தைக்கு மூன்று குத்து விழுகிறது. ஆறாவது வாரத்தில் மறுபடி மூன்று. முதல் ஊசிக்கே தாயின் மடியில் குழந்தையை வைத்து, பிடிக்கும் விதத்தைக் கைப்பிடித்துக் காட்டினால், அடுத்த ஊசிகளை அவளே பார்த்துக்கொள்வாள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்த பெண்ணுக்கும் இதைக் காட்டலாம். மாரோடு அணைப்பதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

“வெளியே நில்லும்மா” என்று அவளை அனுப்பாதீர்கள். அந்தக் குழந்தைக்கு அங்கே இருக்கிற வலி மருந்து அவள்தான்.