இழுக்காமலும் விடாமலும்



வழமையாக இப்பகுதியில் வாழ்வாதாரம், உளவளத்துணை, பிள்ளைகளின் கல்வி என்று எழுதி வந்த நான், இம்முறை குதிரைச் சவாரியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் உங்களில் பலர் சிரிக்கக்கூடும். நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே வெளியில் மேய்கின்ற குதிரைகளைத் தூரத்தில் நின்று பார்த்திருப்பார்கள். அதற்கு மேல் நமக்குக் குதிரையைத் தெரியாது. ஆனாலும் தனியாக நின்று பிள்ளை வளர்க்கின்ற தாய்மாருக்குச் சொல்ல வேண்டிய ஒரு விடயத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு குதிரையின் முதுகில் இருந்துதான்.

முதலில் என்னுடைய தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். 2009இல் கணவரைத் தொலைத்தபோது அவரது மகனுக்கு இரண்டு வயது. கோழி வளர்த்தும் கச்சான் வறுத்து விற்றும் பிள்ளையை வளர்த்தார். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பையன் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாமல், நண்பர்களுடன் மோட்டார் சைக்கிளில் சுற்றிவிட்டு இரவு பிந்தி வீட்டுக்கு வரத் தொடங்கினான். “மிஸ், தேப்பன் இல்லாத பிள்ளை தறிகெட்டுப் போச்செண்டு ஊர் சொல்லப்போகுது. நீங்கள் கொஞ்சம் வெருட்டிச் சொல்லவேணும்” என்று தாய் கேட்டார்.

நானும் வெருட்டினேன். அவனது தொலைபேசியைத் தாயிடம் வாங்கி வைக்கச் சொன்னேன். வகுப்பாசிரியரிடம் சொல்லி, அவன் வந்தானா இல்லையா என்று நாள்தோறும் விசாரித்தேன். இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி ஒப்பமிடவும் வைத்தேன். மூன்றாவது வாரம் அவன் ஒருவருக்கும் சொல்லாமல் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். தாய் என்னைக் கோபிக்கவில்லை. “நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள் மிஸ்” என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த மனநிலையோடுதான் அந்த வருடம் ஆடி மாதத்தில் டென்மார்க்கில் இருக்கின்ற என் அக்கா வீட்டுக்குப் போனேன். எண்பதுகளின் பின் அங்கே போய்க் குடியேறிய நம்மவர்கள் பலர் யூட்லாந்துப் பகுதியின் சிறு நகரங்களில் வாழ்கிறார்கள். அக்காவின் மகளுக்கு, அதாவது என் பெறாமகளுக்கு, வயது பதினான்கு. நமது பிள்ளைகள் நடன வகுப்புக்குப் போவதுபோல அவள் கிழமையில் இரண்டு நாள் குதிரைச் சவாரிப் பாடசாலைக்குப் போகிறாள். அங்கே பழகுபவர்களில் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகளே. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னையும் ஒரு நாள் அந்தப் பாடசாலையின் ஆசிரியை கூப்பிட்டுக் குதிரையில் ஏற்றிவிட்டார். ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி அவர். குதிரையும் வயதான, சாதுவான குதிரை.

அவர்கள் பழகுவது ‘டிரெசாஜ்’ என்னும் சவாரிக் கலை. பழக்கப்படுத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. ஓட்டப் பந்தயம்போல முந்திப் போவதோ, தடை தாண்டிப் பாய்வதோ இதில் இல்லை. 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட மைதானத்தில், பார்ப்பவருக்குத் தெரியாத சிறு சைகைகளால் குதிரையை நடக்க, ஓட, வட்டமிட, நிற்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை புள்ளி இடுவார்கள்.

என் முதல் இரண்டு வகுப்புகளிலும் கடிவாள வாரைக் கையில் தரவே இல்லை. ஆசிரியை நடுவில் நின்று ஒரு நீளக் கயிற்றால் குதிரையைப் பிடித்துக்கொள்ள, அது அவரைச் சுற்றி வட்டமாக நடந்தது. நான் கைகளை விரித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். காரணத்தைப் பெறாமகள் சொன்னாள்: “சித்தி, நீங்கள் விழப் பார்த்தால் வாரில தொங்குவீங்கள். அது குதிரையின்ர வாயைத்தான் நோகப்பண்ணும்.” குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அந்த இடத்தில், நாக்கின் மேலும் மெல்லிய முரசின் மேலும் கிடக்கிறது. ஓட்டுபவர் தன் பயத்தில் இழுக்கின்ற ஒவ்வொரு இழுவையும் அங்கேதான் போய்ச் சேருகிறது. எனவே, தன் சமநிலையைத் தானே காக்கப் பழகிய பிறகுதான் வாரைக் கையில் கொடுப்பார்கள். வியன்னாவிலுள்ள புகழ்பெற்ற ஸ்பானியச் சவாரிப் பாடசாலையிலும் புதிய மாணவர்கள் நெடுநாள் இப்படித்தான் பழகுகிறார்களாம். நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டுமே பழகிய அங்கு, 2008இல்தான் முதன்முறையாகப் பெண்கள் இருவர் சேர்க்கப்பட்டனர்.

மூன்றாவது வகுப்பில் வார் கைக்கு வந்தது. சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையால் வார் உள்ளே வந்து, சுட்டு விரலின் மேல் பெருவிரலால் அமர்த்தப்பட வேண்டும். பெருவிரல் மேலே பார்க்க வேண்டும். முழங்கையிலிருந்து குதிரையின் வாய் வரை ஒரே நேர்கோடு. பிடி எவ்வளவு இறுக்கம்? ஒரு குருவிக் குஞ்சைக் கைக்குள் வைத்திருப்பதுபோல என்றார் ஆசிரியை. பறந்துவிடவும் கூடாது, நசிந்துவிடவும் கூடாது. குதிரை நடக்கும்போது அதன் தலை முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவோடு நமது கையும் போய் வர வேண்டும். கையை ஓரிடத்தில் இறுக்கி வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் அதன் வாய் இரும்பில் மோதும். இந்த ஓயாத மெல்லிய தொடுகையைத்தான் அவர்கள் ‘தொடர்பு’ என்கிறார்கள்.

நான் பயத்தில் இழுத்தேன். குதிரை தலையை மேலே தூக்கித் தாடையை இறுக்கிக்கொண்டது. “இழுத்தால் அதுவும் இழுக்கும். அதற்கு உங்களைவிடப் பலம் அதிகம்” என்றார் ஆசிரியை. சரியென்று வாரை முற்றாகத் தளர விட்டேன். குதிரைக்கு வழி தெரியவில்லை, வேலிப் பக்கமாகப் போய்ப் புல்லுக்குக் குனிந்தது. திடுக்கிட்டு வெடுக்கென்று இழுத்தேன். அப்போதுதான் ஆசிரியை உண்மையாகக் கோபித்தார். தளர விட்டுவிட்டு இருந்தாற்போல வெட்டி இழுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானதாம். அடுத்த வலி எப்போது வருமென்று தெரியாத குதிரை ஒருபோதும் அந்தக் கையை நம்பாது.

திருப்புவது இன்னொரு பாடம். சைக்கிள் ஓடுகின்ற நமக்கு, இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடப்பக்கத்தை இழுக்க வேண்டும் என்றுதான் தோன்றும். நான் இடது வாரை இழுத்தேன். குதிரையின் கழுத்து மட்டும் இடப்பக்கம் வளைந்தது, உடம்போ வலது தோளைத் தள்ளிக்கொண்டு வலப்பக்கமே போனது. முகம் என்னைப் பார்க்கிறது, கால்கள் தம் விருப்பப்படி போகின்றன! சரியான முறை வேறு. முதலில் போக வேண்டிய இடத்தை நாம் பார்க்க வேண்டும். உட்பக்கத்து வார் விரலின் சிறு அசைவால் ‘இந்தப் பக்கம்’ என்று கேட்கும். உட்பக்கத்துக் கால் குதிரையின் வயிற்றோரம் மெல்ல அமர்ந்து அதை முன்னே நடக்கச் சொல்லும். வெளிப்பக்கத்துக் கால் சற்றுப் பின்னால் நின்று, பின்னுடல் விலகாமல் காக்கும். வெளிப்பக்கத்து வார் இழுக்காது, விடாது. குதிரை தோளால் சரிந்து போகாதபடி ஒரு சுவர்போல நிற்கும். திருப்பத்தைத் தாங்குவது இழுக்கின்ற கையல்ல, இந்த அமைதியான மற்றக் கைதான். இன்னுமொன்று, குதிரை கேட்டதைச் செய்த அந்தக் கணமே கை இளக வேண்டும். அதுதான் அதற்குக் கிடைக்கின்ற நன்றி.

இந்தக் கலையில் டென்மார்க் மக்கள் மறக்காத ஒரு பெண் லிஸ் ஹார்ட்டெல். 1944இல், தனது 23ஆவது வயதில், இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்தபோது அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிள்ளை நலமாகப் பிறந்தது. அவரோ ஊர்ந்து பழகி, ஊன்றுகோலில் நடந்து, மீண்டும் குதிரைக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே உணர்வும் பலமும் திரும்பவில்லை. குதிரையில் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும். கால்களால் சொல்ல வேண்டியதை இடுப்பாலும் தொடையாலும் உடற்பாரத்தாலும் சொல்லப் பழகினார். 1948 வரை ஒலிம்பிக் டிரெசாஜில் இராணுவ அதிகாரிகளே பங்குபற்றலாம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்களுக்கு வழி திறந்தது. வந்த நான்கு பெண்களில் ஒருவரான அவர், ஆண்களோடு சமமாகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் வெள்ளி. மாற்றுத்திறனாளிகளின் பராலிம்பிக்கில் 1996 முதல் டிரெசாஜும் இருக்கிறது. கைகளின்றிப் பிறந்த ஜேர்மன் பெண்ணான பெட்டினா ஐஸ்டல், வாரைக் கால்விரல்களாலும் வாயாலும் பிடித்து 2004 ஏதென்ஸ் போட்டிகளில் பதக்கம் பெற்றார். ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் கை, கால் கொடுத்த நம் சகோதரிகளுக்கு இவர்களின் கதை அந்நியமாகத் தோன்றாது.

நாடு திரும்பியதும் நான் அந்தத் தாயிடம் போனேன். “பிழை என்னிலதான் அக்கா. நான்தான் இழுத்தனான்” என்று சொன்னேன். குதிரைக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அப்ப இனி என்ன செய்யிறது?” என்று கேட்டார். பையனோடு வேலை செய்த ஒருவரின் மூலம் புது இலக்கம் கிடைத்தது. நாள்தோறும் இரவு ஏழு மணிக்கு அழைப்பது, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்பது, வா என்று சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். முதல் எட்டு நாளும் அவன் எடுக்கவில்லை. தாய் விடவில்லை. ஒன்பதாம் நாள் எடுத்து, “ஓம், சாப்பிட்டிட்டன்” என்று வைத்துவிட்டான்.

அந்தத் தாய்க்கு அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தொண்டை வரை வந்த கேள்விகளை விழுங்கினார். இரண்டு மாதம் கழித்து அவன் ஐயாயிரம் ரூபா அனுப்பினான். “மிச்சச் சம்பளம் எங்கை எண்டு கேக்கத்தான் வாய் உன்னினது மிஸ்” என்றார் அவர். ஆனால் அவனிடம் சொன்னதோ, “கிடைச்சது ராசா, அம்மம்மாவுக்கு மருந்து வாங்கினனான்” என்பது மட்டுமே. அடுத்த நாள் முதன்முறையாக அவனே அழைத்தான்.

2024 தைப்பொங்கலுக்கு அவன் வந்தான். பாடசாலைக்குத் திரும்பவில்லை, சாதாரண தரப் பரீட்சையும் எழுதவில்லை. அந்த இழப்பில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்க மாட்டேன். நான்கு மாதத்தின் பின் தானாகவே கேட்டு, மோட்டார் திருத்துநர் தொழிற்பயிற்சியில் சேர்ந்தான். இப்போதும் சில இரவுகளில் பிந்தித்தான் வருகிறான். வருகின்ற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான்.

சகோதரிகளே, பிள்ளை குதிரையல்ல, தாய் சவாரிக்காரியுமல்ல. ஆனாலும் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் நாம் இழுக்கின்ற இழுவையெல்லாம் பிள்ளையின் மெல்லிய இடத்தில்தான் போய்ச் சேருகிறது. நம் பயத்தை நாமே தாங்கப் பழக வேண்டும். தனியாக முடியாவிட்டால் ஒரு நல்ல தோழியோடோ உளவளத்துணையாளரோடோ பேசித் தாங்கலாம். மாதக்கணக்கில் கவனியாமல் விட்டு, ஒருநாள் அடித்து உதைப்பதைப்போலக் கெடுதல் வேறில்லை. சொன்னதைப் பிள்ளை செய்தவுடன் அடுத்த குறையைத் தேடாமல் கையை இளக்குங்கள். போதைப்பொருளோ, துஷ்பிரயோகமோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள்.

டென்மார்க்கை விட்டு வரும் முன், கடைசி வகுப்பில் நான் ஒரு முழு வட்டம் சுற்றினேன். நேர்த்தியான வட்டமல்ல, முட்டை வடிவம் என்று பெறாமகள் கேலி செய்தாள். ஆனால் குதிரை தலையைத் தூக்கவில்லை. அது போதுமென்றிருந்தது எனக்கு.

அடுத்த இதழில் சந்திப்போம்.