சுரங்கம் பாடுகிறது, தறி ஊமையா?

தோழனே!

"பாட்டா சோறு போடும்?" என்று கேட்டான் ஓர் இளைஞன். வரதராஜன்பேட்டைக் கூட்டம் முடிந்து, மேடை விளக்கும் அணைந்து, தேநீர்க் கடையோரம் நாங்கள் நின்றிருந்த வேளை. கைத்தறியின் கதையைத் தொடக்கம் முதல் இன்றுவரை ஒரே இசைத் தொகுப்பாகப் பாடித் தர வேண்டும் என்று சற்று முன்புதான் நான் முழங்கியிருந்தேன். அவன் கேள்வியிலே குறும்பு இல்லை, கோபம் இருந்தது. அவனுடைய தாய்மாமன் ஜெயங்கொண்டத்திலே தறியைப் பிரித்து விறகாக்கிவிட்டுத் திருப்பூருக்குப் பேருந்து ஏறியவராம். கோபம் வராமல் என்ன செய்யும்?

அன்றிரவு எனக்கு விடை வரவில்லை. ஆயிரம் பேர் எதிரே மடைதிறந்து பேசுகிறவன், ஒருவன் எதிரே வாயடைத்து நின்றேன். இன்று எழுதுகிறேன்.

நிலக்கரி என்ற சொல் அந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. ஜெயங்கொண்டம் பகுதியிலே பழுப்பு நிலக்கரி எடுக்கப் போகிறோம் என்று 1990களில் உழவர்களின் நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். சுரங்கம் தோண்டப்படவில்லை. வழக்குகள் நடந்தன, வயது போயிற்று. நிலத்தைத் திருப்பித் தருவதென்று முடிவெடுக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இங்கே நிலக்கரி வராமலே வாட்டியது. வேல்ஸ் நாட்டிலோ வந்து வாழவைத்தது; பிறகு வாட்டியது.

1920-இல் தென் வேல்ஸ் சுரங்கங்களிலே ஏறத்தாழ 2,70,000 பேர் உழைத்தனர். 1947-இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1984 மார்ச்சு முதல் 1985 மார்ச்சு வரை, ஓராண்டு முழுவதும் வேலைநிறுத்தம். பசி, பட்டினி, தோல்வி. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர்களே தத்தம் பணத்தைப் போட்டு வாங்கி நடத்திய டவர் சுரங்கமும் 2008-இல் மூடப்பட்டது. இந்த எழுச்சியையும் வீழ்ச்சியையும் 2017-இல் 'எவ்ரி வேலி' என்ற பெயரிலே, 11 பாடல் கொண்ட ஒரே தொகுப்பாக வெளியிட்டது, 'பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங்' என்னும் இசைக்குழு.

அந்தக் குழுவினர் வேல்ஸ்காரர்கள் அல்லர், லண்டன்காரர்கள். கரித்தூசி படாதவர்கள். ஆனால் ஒன்று செய்தார்கள்: சுரங்க ஊரான எப்பு வேலுக்கே போய், அங்கிருந்த ஒரு பழைய மன்றத்திலே கூடாரமடித்து இசைப்பதிவு செய்தார்கள். தாங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, பேச வேண்டியவர்களைப் பேசவிட்டார்கள். பழைய படச்சுருளிலிருந்தும் ஒலிநாடாவிலிருந்தும் எடுத்த குரல்கள்தாம் அந்தப் பாடல்களின் உயிர்!

ஓரிடம் கேள். உலகுக்கு நிலக்கரி என்றென்றும் தேவை, வாருங்கள் இளைஞர்களே, வாழ்நாள் முழுதும் வேலை என்று ஆசைகாட்டி ஆள்சேர்க்க அரசின் நிலக்கரி வாரியம் அந்நாளில் எடுத்த விளம்பரப் படத்தின் குரல் அப்படியே ஒலிக்கிறது. மறுப்பு இல்லை, வசை இல்லை. இசை மட்டும் துள்ளுகிறது. கேட்கிறவனுக்கோ முடிவு தெரியும்! நானாக இருந்தால் அந்த இடத்திலே மூன்று பக்க வசனம் எழுதிக் கைதட்டல் வாங்கியிருப்பேன். அவர்கள் பொய்யைப் பேசவிட்டே பொய்யைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். இந்தப் பாடத்தை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

2015 முதல் ஆகஸ்டு 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாள் என்கிறார்கள். அழகிகள் நடை பயில்கிறார்கள், அமைச்சர்கள் கைகூப்புகிறார்கள், "பாரம்பரியம்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். 2020-இல், அந்த நாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத வேளையிலே, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்களே! பிறந்தநாள் விருந்துக்கு இலை போட்டுவிட்டு, பிறந்தவனைப் பின்கட்டு வழியே வெளியேற்றியது போல் இல்லையா இது?

கைத்தறி மூப்படைந்து சாகிறது, காலத்தின் கோலம், யார் என்ன செய்ய முடியும் என்று பேசுவோர் உண்டு. படித்தவர்களே பேசுகிறார்கள். நான் மறுக்கிறேன். கைத்தறிக்கென்றே சில துணி வகைகளை ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்தார்கள். முதலில் ஒதுக்கியவை 22 வகை. பின்னர் அதை 11 ஆக வெட்டியது காலமா, கையெழுத்தா? அந்தப் பதினொன்றையும் விசைத்தறியிலே ஓட்டிக் கைத்தறி முத்திரையோடு விற்கிறவனைக் கண்டும் காணாதிருப்பது காலமா, கண்காணிப்பாளரா? 2017-இல் கைத்தறித் துணிக்கும் அதன் நூலுக்கும் சரக்கு சேவை வரி போட்டது காலமா?

1995-இல் எடுத்த கணக்கிலே நாடெங்கும் 65 லட்சம் கைத்தறித் தொழிலாளர். 2009-10-இல் 43 லட்சம். 2019-20-இல் 35 லட்சம். எஞ்சியவர்களிலே மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களுக்கு மாத வருவாய் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை என்பது அரசே சொன்ன கணக்கு. இது முதுமைச் சாவா, தோழனே? பட்டினி போட்டுவிட்டுப் படத்துக்கு மாலை போடுகிறார்கள்!

நெசவைப் பாடியவர் நம்மிடையே இல்லாமல் இல்லை. 1957-இல் வந்த 'புதையல்' படத்துக்குப் பட்டுக்கோட்டையார் எழுதிய நெசவுப் பாட்டை இன்றும் முணுமுணுக்கிறோம். 2008-இல் 'காஞ்சிவரம்' வந்தது. 1953-இல் அண்ணா திருச்சித் தெருக்களிலே கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூவி விற்றார். துணியைச் சுமந்த தோள்கள் நம்முடையவை. நெய்தவரின் குரலைச் சுமந்தோமா? தேர்தலுக்குத் தேர்தல் மேடையிலே நாம் பேசும் நெசவாளி, நாம் எழுதிக் கொடுத்ததைத்தானே பேசுகிறார்!

ஊரைச் சொல்லிவிட்டு என்னை மறைப்பது முறையன்று. நானும் ஒரு நெசவாளர் நாடகம் எழுதினேன். நாயகன் தறியிலே அமர்ந்து பத்து நிமிடம் பேசுவான், கொட்டகை அதிரும். உடையார்பாளையத்திலே அது நடந்த இரவு, வயதான அம்மையார் ஒருவர் மேடைக்குப் பின்னே வந்தார். "ஏந்தம்பி, உன் ஆளு நாடாவை அந்தத் தட்டுத் தட்டுறானே, அதுக்குள்ள தார் யாரு சுத்திப் போட்டா?" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

ராட்டையிலே தார் சுற்றியவள், விடியலிலே தெருவில் பாவு நீட்டியவள், கஞ்சி போட்டவள், அறுந்த இழையைத் தேடி முடிந்தவள் — ஒருத்தியும் என் நாடகத்தில் இல்லை! கைத்தறித் தொழிலாளரிலே பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்த வேல்ஸ் தொகுப்பிலே வேலைநிறுத்தத்தின்போது ஊருக்கு உணவு திரட்டிய சுரங்கத்துப் பெண்களுக்கென்றே ஒரு பாட்டு உண்டு, அவர்களே பேசுகிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கேட்டது உடையார்பாளையத்து அம்மையாரின் குரல்.

தேநீர்க் கடைத் தம்பிக்கு இப்போது சொல்கிறேன். பாட்டு சோறு போடாது. ஆனால் உன் மாமன் சோற்றைப் பறித்தது இன்ன சட்டம், இன்ன வரி, இன்ன கையெழுத்து என்று ஊரறியச் சொல்லும். வேல்ஸிலே எல்லாம் முடிந்த பிறகு பாடினார்கள். அது நினைவுச் சின்னம். இங்கே 35 லட்சம் பேர் இன்னும் இருக்கிறார்கள். இங்கே பாடினால் அது சாட்சியம். ஒப்பாரிக்கு ஆள் சேர்க்க நான் வரவில்லை.

வரும் ஞாயிறு வாரியங்காவல் போகிறேன். கையிலே கைப்பேசி, பையிலே ஒரு குறிப்பேடு. தறியின் ஓசையைப் பதிவு செய்வேன். ராட்டையின் ஓசையை அதற்கு முன்பே பதிவு செய்வேன். கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளை எங்கே போனான் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே கேட்டு வருவேன். ஒரு சொல் திருத்தமாட்டேன். மெட்டமைக்கத் தெரிந்த தோழர்கள் உடன் வரலாம். அந்தத் தம்பியையும் அழைத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து மாமனை அழைத்து வர முடியுமா பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.