கரையை அளந்தார்கள், கீழே இருப்பவரை எண்ணவில்லை!

2018 மே 9 இரவு. கென்யா நாட்டின் நகுரு மாவட்டம், சொலாய். பெரிய தோட்டமொன்றின் முதலாளி தன் பயிருக்காக நீர் தேக்கிய மண் அணை, மழையில் உடைந்தது. 47 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் ஏராளம். தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பங்களும் அந்த வெள்ளத்தில் சிக்கின. பிணங்களை எடுத்த பிறகு அதிகாரிகள் சொன்னார்கள்: அந்த அணைக்கு உரிமமே இல்லையாம்! தண்ணீர் நின்றவரை இது யார் கண்ணிலும் படவில்லையா?

உரிமமும் ஏடும் இருந்துவிட்டால் போதுமா? அமெரிக்காவின் ஹவாயைப் பாருங்கள். கரும்புத் தோட்டத்துக்காக 1890 வாக்கில் எழுப்பிய காலோகோ மண் அணை, பின்னாளில் தனியார் கைக்கு வந்தது. அரசு ஏட்டில் அதன் வகுப்பு ‘குறைந்த அபாயம்’. 2006 மார்ச் 14 அன்று அது உடைந்து 7 பேரைக் கொன்றது. உபரி நீர் போகும் கலங்கு மண்ணால் மூடப்பட்டிருந்திருக்கும் என்றது விசாரணை. உடைப்புக்கு முன் அரசு அதை ஒருமுறைகூட முறையாகச் சோதித்ததில்லை. உடைமையாளருக்கு 2014இல் கிடைத்த சிறை 7 மாதம். உயிருக்கு ஒரு மாதம்!

இந்த ‘அபாய வகுப்பு’ என்ற சொல்லில்தான் சூது இருக்கிறது. ‘குறைந்த அபாயம்’ என்றால் கரை உறுதியானது என்று பொருளல்ல. உடைந்தால் கீழே சாக அதிகம் பேர் இல்லை என்பதே பொருள். அந்த வகுப்பு கரையைப் பற்றியதல்ல, கீழே குடியிருப்பவரைப் பற்றியது. நேற்று கீழே வெறுங்காடு. இன்று அங்கே பத்துக் கூலி வீடுகள். கரை அப்படியே இருக்கிறது, அபாயமோ மாறிவிட்டது. ஏட்டை மாற்றியது யார்?

நம் நாட்டில் 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளை அது கவனிக்கும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், 500 மீட்டர் கரை நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். அதற்கும் குறைந்த கரை அந்தச் சட்டத்தின் வாசலுக்கே வராது. அபாய வகுப்பும் அதற்குக் கிடையாது. எட்டு மீட்டர் உயரத் தண்ணீர் கூலிக்காரன் குடிசையை விட்டுவைக்குமா?

தோழர்களே, தாய்மார்களே! தோட்டத்திலும் குவாரியிலும் செங்கல் சூளையிலும் பிழைக்க வந்தவர்கள் நாம். முதலாளி காட்டிய இடத்தில் குடிசை போட்டோம். மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம், நடுவே தண்ணீர்! ஆனால் நாம் ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள். மழைக்கு முன் கலங்கைத் தூர்வாரிய அப்பன் பாட்டனின் பிள்ளைகள். கரையில் நண்டு வளையும், வேர்விட்ட மரமும், கலங்கலாகக் கசியும் நீரும் என்ன சொல்கின்றன என்பதைப் படிக்க நமக்கு எஞ்சினியர் பட்டம் தேவையில்லை.

நாம் கேட்பவை மூன்றே. உயரத்தை வைத்தல்ல, கீழே வாழும் உயிர்களை வைத்து ஒவ்வொரு தனியார் கரையையும் வகுக்க வேண்டும். குடியிருப்பு மாறும்போதெல்லாம் அந்த வகுப்பைத் திருத்த வேண்டும். அந்த வகுப்பை நம் மொழியில் எழுதி, நம் குடியிருப்பு வாசலில் ஒட்ட வேண்டும்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டாம். மழைக்கு முன் நாலு பேராகக் கூடிக் கரையைச் சுற்றி வாருங்கள். கசிவைக் கண்டால் ஒருவர் பெயரிலல்ல, எல்லோரும் கையெழுத்திட்டுத் தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள். ஒருவன் கேட்டால் வேலை போகும் என்ற பயம் உண்டு. ஊரே கேட்டால் யாரை விரட்டுவார்கள்?

தண்ணீர் வகுப்புப் பார்த்துப் பாய்வதில்லை. பள்ளம் பார்த்துப் பாய்கிறது. பள்ளத்தில் இருப்பவர்கள் நாம். முதலில் குரல் எழுப்ப வேண்டியவர்களும் நாமே!