பூட்டிய கதவு பாதுகாப்பு ஆகாது தோழர்களே!

இன்று ஜூலை 16. 2004-ஆம் ஆண்டு இதே நாளில்தான் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகளைத் தீக்குப் பறிகொடுத்தோம். வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏத்துறோம், மாலை போடுறோம், கண்ணீரோட வீட்டுக்குப் போயிடுறோம். இந்த வருஷம் அதோட நிறுத்த வேண்டாம். ஒரு கேள்வியும் கேட்போம்.

மத நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளில், வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் படிக்கிற நம்ம பிள்ளைகள் ராத்திரியில் பத்திரமா இருக்காங்களா?

வேத பாடசாலை, மதரஸா, கான்வென்ட் விடுதி, குருகுலம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். ஒரு மதத்தை மட்டும் குறிவைத்துக் கேட்கிறவங்க அரசியல் வேற. நம்ம அரசியல் வேற.

நிர்வாகத்தைக் கேட்டா என்ன சொல்வாங்க? "பெரிய மதில் சுவர் இருக்கு. கேட்ல வாட்ச்மேன் இருக்கார். ஜன்னல் பூரா இரும்புக் கம்பி. ராத்திரி ஆனா கதவைப் பூட்டிடுவோம், ஒரு ஈ காக்கா உள்ளே வராது." பெத்தவங்களுக்கும் நிம்மதி. ஆனா ஆபத்து அங்கேதான் ஒளிஞ்சிருக்கு. உள்ளே யாரும் வர முடியாதுங்கிறது சரி. நெருப்பு பிடிச்சா பிள்ளைகள் வெளியே வர முடியுமா?

கோலாலம்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2017 செப்டம்பர் 14, விடிவதற்கு முன். குர்ஆனை மனப்பாடம் செய்யப் பிள்ளைகள் தங்கிப் படித்த மூன்று மாடிப் பள்ளி. மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் உள்ளே புகுந்து, சமையல் கேஸ் சிலிண்டரைப் பயன்படுத்தித் தீ வைத்ததாகக் காவல்துறை சொன்னது. 21 மாணவர்கள், 2 ஆசிரியர்கள், மொத்தம் 23 பேர் செத்துப்போனார்கள். ஜன்னலில் கம்பி. இன்னொரு வழிக்குப் போக முடியாதபடி நடுவில் ஒரு தடுப்புச் சுவர். தீயணைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமலேயே பள்ளி நடந்துகொண்டிருந்தது. பாதுகாப்புக்காகப் போட்ட கம்பி தீ வைக்க வந்தவர்களைத் தடுக்கவில்லை. தப்பிக்கப் பார்த்த பிள்ளைகளைத்தான் தடுத்தது.

எங்கேயோ மலேசியாவில் நடந்ததுன்னு தள்ளிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ல் நம்ம ஏர்வாடியில் என்ன நடந்தது? தர்காவில் குணமாகும்னு நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகளைத் தனியார் காப்பகம் ஒன்று சங்கிலியால் கட்டி வைத்திருந்தது. கொட்டகை பற்றி எரிந்தபோது ஓட வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். "ஓடிப்போயிடக் கூடாது"ன்னு கட்டின சங்கிலிதான் எமனாச்சு. கும்பகோணத்தில் சமையலறைத் தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. தீர்ப்பு வருவதற்கே பத்து வருஷம் ஆனது.

மூணு இடமும் வேற வேற. காரணம் ஒண்ணுதான்: வெளியே வர வழி இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கு. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடக்கம் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே கும்பகோணம் தீயில் இருந்து பிறந்ததுதான். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-லேயே தனிச் சட்டம் வந்தாச்சு, மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கணும். ஆனா நடைமுறை என்ன? ஒரு விபத்து நடந்தா ஒரு வாரம் ஆய்வு, கெடுபிடி, பேட்டி. அடுத்த வாரம் எல்லாரும் மறந்துடுவோம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் பெயர் பலகையில் இருந்தா அதிகாரி கேட்டுக்குள்ளே போகவே தயங்குவார். "மத விஷயத்துல தலையிடாதீங்க"ன்னு ஒரு குரல் வந்தா போதும், ஃபைல் மூடிடும்.

தெளிவா சொல்றோம். பிள்ளை என்ன ஓதணும், என்ன பாடம் படிக்கணும்னு நாங்க கேட்கலை. அது அவங்க நம்பிக்கை, அதை மதிக்கிறோம். படிக்கட்டு எத்தனைன்னு கேட்கிறோம். நெருப்புக்கு மதம் கிடையாது, படிக்கட்டுக்கும் கிடையாது.

ஆபத்து நெருப்பாக மட்டும் வராது. விடுதிக்குள்ளேயே ஒருத்தர் பிள்ளையிடம் தப்பாக நடந்தால், அந்தக் குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்? வாட்ச்மேன் வெளியாளைத்தான் தடுப்பார். போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்ற மூடி மறைப்பதே குற்றம். வீட்டுக்குப் பேச ஒரு போன், சுவரில் பெரிய எழுத்தில் 1098. இது ரெண்டும் இல்லாத விடுதியில் பிள்ளையின் வாயையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறோம்னு அர்த்தம்.

நம்ம கோரிக்கைகள்:

1. தூங்கும் ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு வழி. ரெண்டும் எப்பவும் தடையில்லாமல் இருக்கணும்.
2. உள்ளே இருந்து சாவி இல்லாமல் திறக்கிற கதவு. ஜன்னல் கம்பியிலும் உள்ளிருந்து திறக்கிற ஒரு பகுதி.
3. கேஸ் சிலிண்டரும் சமையலறையும் படிக்கட்டுப் பக்கமே வரக் கூடாது.
4. இன்னைக்கு ராத்திரி எத்தனை பேர் தங்கியிருக்காங்கன்னு தினமும் பெயர்ப் பட்டியல். அது இல்லாவிட்டால் உள்ளே இன்னும் எத்தனை பிள்ளைங்கன்னு தீயணைப்பு வீரருக்கு யார் சொல்வது?
5. வெளியேறும் பயிற்சி, இருட்டிலும் நடக்கணும். பகலில் மைதானத்தில் வரிசையா நின்று போட்டோ எடுத்தா அது பயிற்சி இல்லை.
6. உரிமம், தீயணைப்புச் சான்று ரெண்டும் வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி.

சிறிய மதரஸாவுக்கும் ஏழை ஆசிரமத்துக்கும் பணம் எங்கேன்னு கேட்பாங்க. நியாயமான கேள்வி. இரண்டாவது படிக்கட்டுக்கு அரசு உதவட்டும். ஆனா பூட்டைக் கழற்ற, பட்டியல் எழுத, பயிற்சி நடத்த என்ன பெரிய செலவு?

தோழர்களே, பகிர்ந்துட்டுப் போயிடாதீங்க. உங்க ஊர் விடுதிக்குப் பெற்றோரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். மரியாதையா ஒரே கேள்வி கேளுங்க: "ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தீப்பிடிச்சா சாவி யார் கையில இருக்கும்?" பதில் வரலைன்னா ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்க. நம்ம கட்சிக்காரர் நடத்துற விடுதியா இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. முதல்ல அங்கேதான் போகணும்.

94 பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான அஞ்சலி அதுதான்.

#கும்பகோணம்94 #கதவைத்திற #பிள்ளைகள்பாதுகாப்பு